தலையணி மெய்நிகர் கருவியின் வில்லை: முதற் கோரிக்கை புதியதல்ல என்கிறது தேடல் அறிக்கை

வினா: வாவிக்கரை ஆசிரியை, மட்டக்களப்பு

உயர்தர மாணவருக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் ஆசிரியை நான். படுவான்கரைப் பக்கத்துப் பாடசாலைகள் சிலவற்றில் ஆய்வுகூட வசதி போதாமையால், உயிரியல் வெட்டுச் சோதனைகளைப் பிள்ளைகள் முப்பரிமாணத்தில் பார்த்துப் பழகுவதற்கெனக் கைபேசித் திரையைக் கொண்ட ஒரு தலையணி மெய்நிகர் கருவியை, பொறியியல் படித்து முடித்த என் பழைய மாணவர் இருவரோடு சேர்ந்து மூன்று ஆண்டுகளாக உருவாக்கி வருகிறோம். கருவியின் பெட்டியும் மென்பொருளும் பிறரும் செய்யக்கூடியவையே. எங்கள் உழைப்பெல்லாம் வில்லையில்தான் போனது. நடுப்பகுதி வழுவழுப்பான குவிவு வில்லையாகவும், வெளிப்பகுதி பிரெனல் வில்லையைப் போல வட்ட வட்டப் பள்ளங்களாகவும் அமைந்த ஒற்றை அக்ரிலிக் வில்லை அது. பாரமும் குறைந்தது, ஓரத்துக் காட்சியும் தெளிவானது.

முதலில் இலங்கையில் விண்ணப்பித்தோம். பின்னர் பன்னிரண்டு மாதத்துக்குள் ஆக்கவுரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கையின் கீழ் சர்வதேச விண்ணப்பமும் செய்தோம். இப்போது, எங்களுக்கு முன்னர் பிறர் செய்தவற்றைத் தேடிப் பரிசோதகர் தரும் தேடல் அறிக்கையும் அதனோடு எழுத்து மூலமான அபிப்பிராயமும் வந்திருக்கின்றன. அவற்றை வாசித்த நாளிலிருந்து எனக்கு மனம் சரியில்லை.

கோரிக்கை என்பது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் வரையறுக்கும் வாசகம். முதற் கோரிக்கையில், வில்லைக்கும் திரைக்கும் இடையிலான தூரத்தை வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்தால் 0.8 இற்கும் 1 இற்கும் இடைப்பட்ட எண் வரவேண்டும் என்று எழுதியிருந்தோம். பல மாதங்கள் அளந்து பார்த்துத் தெரிவு செய்த வீச்சு அது. பரிசோதகரோ, எங்களுடையதைப் போலவே நடுவில் வழுவழுப்பும் வெளியில் பள்ளங்களும் கொண்ட ஒரு முன்னைய வில்லையின் அளவு அட்டவணையை எடுத்து, அதில் எங்குமே எழுதப்படாத அந்த விகிதத்தைத் தாமே கணக்கிட்டு, 0.98 என்று கண்டு, முதற் கோரிக்கை புதியதல்ல என்று எழுதிவிட்டார். திரையில் படத்தை முன்கூட்டியே எதிர்த்திசையில் திரித்துக் காட்டும் நான்காம் கோரிக்கைக்கும் எக்ஸ் என்ற குறியே இடப்பட்டிருக்கிறது. ஒளியில் பாதியைத் தெறித்து மீதியைக் கடக்கவிடும் அரைத்தெறிப்பு ஆடிகளால் ஒளியை மடித்து அனுப்பும் மாற்று அமைப்பைச் சொல்லும் ஆறாம் கோரிக்கைக்கு வை என்று குறித்து, விமானப் பயிற்சிக் கருவிக்கென 1960களில் செய்யப்பட்ட ஒரு கண்டுபிடிப்பையும் துணைக்குச் சேர்த்திருக்கிறார். ஏழாம் கோரிக்கையின் எதிரே ஏ என்ற குறி மட்டும் உண்டு.

எழுதாத எண்ணைக் கணக்கிட்டு எடுத்துக்கொள்வது முறைதானா? விமானிகளுக்குச் செய்த கருவி, பாடசாலைப் பிள்ளைகளின் தலையில் அணியும் கருவிக்கு எப்படி எதிராக நிற்கும்? இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இலங்கையில் விண்ணப்பிப்பதற்கு எட்டு மாதங்களுக்கு முன்னர் ஒரு கல்விக் கண்காட்சியில் இந்தக் கருவியைக் காட்சிக்கு வைத்திருந்தோம். ஐரோப்பாவிலும் உரிமை பெற விரும்புகிறோம். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.


மறுமொழி: முறிவுச்சுட்டி, கல்முனை

ரீச்சர் அவர்களுக்கு வணக்கம். வில்லை, காட்சித்திரை தொடர்பான ஆக்கவுரிமைத் தேடல் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். நீங்கள் மனம் தளர வேண்டிய அறிக்கை இதுவல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் முதற் கோரிக்கையைப் பொறுத்தவரை பரிசோதகர் சொல்வது சரி.

நீங்கள் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டும் வில்லைச் சமன்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். திரை குவியத்துக்குச் சற்று உள்ளே இருக்கிறது, கண்ணுக்கு மாய விம்பம் தெரிகிறது. வில்லையின் தடிப்பைப் புறக்கணித்தால், உங்கள் விகிதம் என்பது விம்பத்தூரத்தை, விம்பத்தூரமும் குவியத்தூரமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்த எண்ணேயன்றி வேறில்லை. குவியத்தூரம் 40 மி.மீ., விம்பம் தோன்றுவது 2 மீற்றரில் என்றால் திரை 39.2 மி.மீ. தூரத்தில் நிற்கும், விகிதம் 0.98. பரிசோதகர் கண்ட எண்ணும் அதுதான். இனி உங்கள் கீழெல்லையான 0.8 ஐப் பாருங்கள். அது விம்பத்தூரம் குவியத்தூரத்தின் நான்கு மடங்காகும் நிலை, அதாவது 16 சென்ரிமீற்றர். ஆகவே உங்கள் வீச்சு, விம்பம் 16 சென்ரிமீற்றரிலிருந்து முடிவிலி வரை எங்கு தோன்றினாலும் அத்தனையையும் உள்ளடக்கும். கண்ணுக்கு முன்னே பிடித்து வாசிக்கும் சாதாரண உருப்பெருக்கி வில்லையும் அதற்குள் வந்துவிடும். 2014 இல் கூகிள் வெளியிட்ட கார்ட்போர்ட் கருவியின் 45 மி.மீ. குவியத்தூர வில்லையை எடுத்து 2 மீற்றருக்குக் கணக்கிட்டாலும் 0.978 வரும். நீங்கள் மாதக்கணக்காக அளந்து கண்டது உண்மையான எண்தான். ஆனால் அது உருப்பெருக்கியின் இயல்பு, உங்கள் வில்லையின் தனித்தன்மை அல்ல.

எழுதாத எண்ணைக் கணக்கிடலாமா என்று கேட்டீர்கள். கணக்கிடலாம். வளைவாரை, தடிப்பு, முறிவுச்சுட்டி, இடைவெளி ஆகியவை ஓர் அட்டவணையில் இருந்தால், அவற்றிலிருந்து ஐயத்துக்கிடமின்றி வரும் விகிதமும் அந்த ஆவணத்தில் வெளிப்படுத்தப்பட்டதாகவே கொள்ளப்படும். வில்லைத் துறையில் விண்ணப்பங்கள் பெரும்பாலும் இப்படி விகித வீச்சுகளாகவே எழுதப்படுவதால், பரிசோதகர்கள் பழைய அட்டவணைகளை வில்லை வடிவமைப்பு மென்பொருளில் இட்டுப் பார்ப்பது வழக்கமான வேலை. ஒரு பழைய வில்லையின் எண் உங்கள் வீச்சுக்குள் எங்கேனும் ஒரு புள்ளியில் விழுந்தாலே போதும், அந்த வீச்சின் புதுமை போய்விடும்.

பயன்படுத்துவோர் யார் என்பதும் உங்களைக் காப்பாற்றாது. பொருளொன்றைக் கோரும் கோரிக்கையில் "பாடசாலை மாணவருக்கான" என்று எழுதினால், அதை அப்பயன்பாட்டுக்கு உகந்த பொருள் என்றே வாசிப்பார்கள். பிள்ளைகளின் கண்ணிடைத் தூரம் குறைவு என்பதற்காக உங்கள் கருவியில் ஏதேனும் ஓர் உறுப்பு வேறாக அமைந்திருந்தால் அந்த உறுப்பைக் கோரலாம். பிள்ளைகளைக் கோர முடியாது.

விமானப் பயிற்சிக் கருவி என்று நீங்கள் குறிப்பிடுவது, அநேகமாக லாருசாவுக்கு 1969 இல் வழங்கப்பட்ட அமெரிக்க ஆக்கவுரிமையாக இருக்க வேண்டும், இலக்கம் 3,443,858. வளைந்த அரைத்தெறிப்பு ஆடி, ஒளியலையின் அதிர்வுத் திசையைத் தெரிவு செய்யும் முனைவாக்கிகள், அந்த முனைவாக்கத்தை மாற்றும் கால் அலைத்தகடுகள் ஆகியவற்றை அடுக்கி, ஒளியை உள்ளேயே முன்னும் பின்னுமாக அனுப்பி, குறுகிய இடத்தில் தொலைதூர விம்பத்தை உண்டாக்கும் அமைப்பு அது. இன்று "பான்கேக்" வில்லை என்ற பெயரில் 2022 இன் மெட்டா குவெஸ்ட் புரோவிலும் 2023 இன் குவெஸ்ட் 3 இலும் இருப்பது அதே கொள்கைதான். ஒளி அரைத்தெறிப்பு ஆடியை ஒருமுறை கடந்தும் ஒருமுறை அதில் தெறித்தும் செல்ல வேண்டியிருப்பதால், முனைவாக்கப்பட்ட ஒளியிலும் அதிகபட்சம் கால்பங்கே கண்ணை அடையும். அந்த இழப்பு இன்றுவரை இத்துறையைத் தொடர்ந்து வருகிறது. இத்தனை காலமாக அறியப்பட்ட மடிப்பை உங்கள் வில்லையோடு சேர்த்துக்கொள்ளத் துறையறிந்த ஒருவருக்குத் தயக்கம் இராது என்பதே பரிசோதகரின் வாதம். ஆறாம் கோரிக்கையை விட்டுவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. அதில் வில்லையைப் பொலிகாபனேற்றாலும் செய்யலாம் என்று எழுதியிருந்தால் இன்னும் சிக்கல். அதன் முறிவுச்சுட்டி 1.585 என்பதால் அக்ரிலிக்கின் 1.49 ஐ விட மெல்லியதாகச் செய்ய முடியும் என்பது உண்மைதான், ஆனால் அச்சில் வார்க்கும்போது உள்ளே தங்கும் தகைப்பு, முனைவாக்கத்துக்கேற்ப முறிவுச்சுட்டி வேறுபடும் இரட்டை முறிவை உண்டாக்கி முனைவாக்கத்தைக் குழப்பிவிடும். முனைவாக்கத்தையே நம்பி நிற்கும் அமைப்பில் அதை எப்படித் தீர்த்தீர்கள் என்று கேட்டால் விண்ணப்பத்தின் விளக்கப் பகுதியான விவரணத்தில் பதில் இருக்க வேண்டும்.

நான்காம் கோரிக்கை பற்றி நீண்டு எழுத ஒன்றுமில்லை. எறிக் ஹவ்லெட் 1980களின் தொடக்கத்திலேயே, கமராவில் எதிர்த் திரிபோடு எடுத்த படத்தை அகன்ற கோண வில்லையால் பார்த்து நேராக்கும் முறையைக் கையாண்டார். அவருடைய லீப் ஒளியியலை நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையம் தன் தலையணிக் கருவியில் பயன்படுத்தியது. அந்தத் திரிபைக் கணினியால் ஈடுசெய்வதற்கான கணிப்பு மாதிரியை ரொபினெற்றும் றோலண்டும் 1992 இல் வெளியிட்டுவிட்டார்கள்.

இப்போது முக்கியமான விடயம். நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன ஏழாம் கோரிக்கையில் என்ன இருக்கிறது? ஏ என்ற குறி, அந்த ஆவணம் பின்னணியைக் காட்டுவது மட்டுமே, தடையாக நிற்பது அல்ல என்று பொருள்படும். எக்ஸ் என்றால் அந்த ஆவணம் தனியாகவே புதுமையையோ, துறையறிந்தவருக்கு எளிதில் தோன்றாதது என்ற புத்தாக்கப் படிநிலையையோ மறுக்கப் போதுமானது. வை என்றால் இன்னோர் ஆவணத்தோடு சேர்ந்து மறுக்கிறது. மூன்றையும் ஒரே தண்டனையாக வாசித்துவிட்டீர்கள் போலத் தோன்றுகிறது. ஏழாம் கோரிக்கையின் வாசகத்தை இங்கே எழுத முடியுமா? சர்வதேச விண்ணப்பம் வெளியாகியிருந்தால் மட்டும் எழுதுங்கள்.


மறுமொழி: ஆலையடி நாநா, அக்கரைப்பற்று

ரீச்சர், கண்காட்சி பற்றிய உங்கள் கேள்விக்குத் தம்பி பதில் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், விண்ணப்பத் திகதிக்கு முந்திய ஓராண்டுக்குள் விண்ணப்பதாரரே வெளிப்படுத்தியதைக் கணக்கில் எடுக்காமல் விடுகிறது. ஆகவே எட்டு மாதம் இங்கே உங்களுக்குத் தடையல்ல. அமெரிக்காவிலும் ஓராண்டுச் சலுகை உண்டு. ஐரோப்பாவில் அப்படியான சலுகை இல்லை. அங்கே ஆறு மாதத்துக்குட்பட்ட இரண்டே விதிவிலக்குகள்தான். ஒன்று, பிறர் உங்களுக்குத் தீங்கிழைத்து வெளியிட்டது. மற்றையது, சர்வதேச உடன்படிக்கையின் கீழ் அங்கீகரிக்கப்பட்ட கண்காட்சி. நம்மூர்க் கல்விக் கண்காட்சி இரண்டாவதில் அடங்காது.

ஆனால் உடனே கைவிட வேண்டாம். எது வெளியானது என்பதை நிதானமாக நினைவுபடுத்திப் பாருங்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று, உங்கள் மேற்பார்வையில் இரண்டு நிமிடம் தலையில் அணிந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்களா? அப்படியானால் வெறுங்கண்ணால் காணக்கூடியது மட்டுமே பகிரங்கமானது. வட்டப் பள்ளங்கள் இருக்கின்றன என்பது தெரிந்திருக்கும். ஒவ்வொரு பள்ளத்தினதும் கோணம் தெரிந்திருக்காது. வில்லையை யாரிடமாவது கொடுத்தோ விற்றோ இருந்தால் நிலைமை வேறு, ஏனெனில் கொண்டுபோய் அளந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்துவிடும். எல்லாவற்றையும் விடச் சுவரில் ஒட்டிய விளக்கப் பதாகையை எண்ணித்தான் நான் கவலைப்படுவேன். குறுக்குவெட்டுப் படத்தைக் கோணங்களோடு அதில் போட்டிருந்தால் ஐரோப்பாவைப் பொறுத்தவரை கதவு அடைபட்டுவிடும். அந்தப் பதாகை எங்கேயாவது சுருட்டி வைக்கப்பட்டிருந்தால் தேடி எடுத்துப் பாருங்கள். படம் பிடித்து உங்கள் சட்டத்தரணியிடம் கொடுங்கள்.


மறுமொழி: வாவிக்கரை ஆசிரியை

இருவருக்கும் மிகுந்த நன்றி. நாநா சொன்னபடி பதாகையைத் தேடி எடுத்தேன். அதில் முழுக் கருவியின் புகைப்படமும், தவளையின் இதயம் திரையில் தெரியும் காட்சியும் மட்டுமே உள்ளன. வில்லையின் வெட்டுப்படம் இல்லை. வில்லையை யாருக்கும் கொடுக்கவுமில்லை.

விண்ணப்பம் வெளியாகிவிட்டது, ஆகவே எழுதுகிறேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் இரண்டு முகங்கள் உண்டல்லவா? ஒளியை முறிக்கும் முகம் ஒன்று, அடுத்த பள்ளத்தோடு அதை இணைக்கும் சுவர் போன்ற முகம் மற்றொன்று. அந்தச் சுவரில் பட்டுச் சிதறும் ஒளியால்தான் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வரும்போது கதிர்க்கீற்றுகள் தெரிகின்றன. பாலமீன்மடு வெளிச்சவீட்டைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிச் சென்ற நாளொன்றில் பிரெனலின் வெளிச்சவீட்டு வில்லையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது, அங்கே ஒளி வெளியே போவதோடு வேலை முடிகிறது, இங்கேயோ பார்க்கும் கண் அசைந்துகொண்டே இருக்கிறது என்று ஒரு மாணவி சொன்னாள். அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டே, சுவர்முகங்கள் எல்லாவற்றையும் கண்ணின் சுழற்சி மையத்தை நோக்கிச் சாய்த்தோம். ஏழாம் கோரிக்கை இதுதான்: "முதற் கோரிக்கையின் கருவி, இதில் பள்ளங்களின் சுவர்முகங்கள் அணிபவரின் கண்ணின் சுழற்சி மையத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும்." இது சிறு மேம்பாடு என்று எண்ணிக் கடைசியில் வைத்தோம்.


மறுமொழி: முறிவுச்சுட்டி, கல்முனை

ரீச்சர், நீங்கள் கடைசியில் வைத்ததுதான் உங்கள் கண்டுபிடிப்பு. அந்த மாணவியின் பெயரையும் கண்டுபிடிப்பாளராகச் சேர்க்க வேண்டுமா என்பதைச் சட்டத்தரணியிடம் கட்டாயம் கேளுங்கள்.

இதன் பெறுமதியை எண்களால் காட்டுகிறேன். கண்ணின் முன்புறமுள்ள விழிவெண்படலத்திலிருந்து சுழற்சி மையம் ஏறத்தாழ 13 மி.மீ. பின்னால் இருக்கிறது, கண்மணியோ 3 மி.மீ. அளவில்தான். வில்லைக்கும் கண்ணுக்கும் 15 மி.மீ. இடைவெளி என்று கொள்வோம். அச்சிலிருந்து 15 மி.மீ. தள்ளியுள்ள ஒரு பள்ளத்தின் சுவரைக் கண்மணியை நோக்கிச் சாய்த்தால் அச்சோடு 40 பாகை, சுழற்சி மையத்தை நோக்கிச் சாய்த்தால் 28 பாகை. பன்னிரண்டு பாகை வேறுபாடு சிறிதல்ல. கண் நேரே பார்க்கும்போது அந்தப் பள்ளம் ஓரப் பார்வையில் இருக்கும், அங்கே கூர்மை குறைவு. கண் திரும்பி அந்தப் பள்ளத்தையே பார்க்கும்போதுதான் கீற்று உறுத்தும், அப்போது பார்வைக் கோடு சுழற்சி மையத்தின் வழியே செல்கிறது. சுவர்களைச் சாய்ப்பது புதிதல்ல. வார்ப்பச்சிலிருந்து வில்லை கழன்று வருவதற்காகவே சாய்ப்பார்கள். எந்தப் புள்ளியை நோக்கி, எதற்காகச் சாய்க்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் வாதம் நிற்க வேண்டும்.

ஆனால் வாசகத்தை மாற்றியே ஆகவேண்டும். அணிபவரின் கண் உங்கள் கருவியின் உறுப்பல்ல. கருவிக்கு வெளியே உள்ள, ஆளுக்கு ஆள் மாறும் ஒன்றைக் கொண்டு கருவியை வரையறுத்தால் தெளிவில்லை என்று ஐரோப்பாவில் ஆட்சேபிப்பார்கள். "வில்லையின் கண்பக்க மேற்பரப்பிலிருந்து ஒளியச்சில் இத்தனை மில்லிமீற்றர் தூரத்திலுள்ள புள்ளி" என்று எழுத வேண்டும். அந்தத் தூரம் மூல விவரணத்திலோ படத்திலோ இருக்கிறதா? இல்லையென்றால் இப்போது புதிதாகச் சேர்க்க முடியாது.

இருந்தால், ஏழாம் கோரிக்கையை முதற் கோரிக்கைக்குள் கொண்டுவந்து திருத்துங்கள். உடன்படிக்கையின் 19 ஆம் உறுப்புரையின் கீழ் கோரிக்கைகளை மட்டும் திருத்தலாம். அறிக்கை அனுப்பப்பட்டதிலிருந்து இரண்டு மாதம், அல்லது முன்னுரிமைத் திகதியிலிருந்து, அதாவது உங்கள் இலங்கை விண்ணப்பத்தின் திகதியிலிருந்து, 16 மாதம், இவற்றில் பிந்தியது எல்லை. பரிசோதகரோடு வாதிக்க விரும்பினால் பூர்வாங்கப் பரிசோதனைக்கான வேண்டுகோளை அறிக்கையிலிருந்து மூன்று மாதம் அல்லது முன்னுரிமைத் திகதியிலிருந்து 22 மாதம், இவற்றில் பிந்தியதற்குள் கொடுக்க வேண்டும். செலவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நேராக 30 ஆம் மாதத்தில் சர்வதேச விண்ணப்பத்தை ஒவ்வொரு நாட்டிலும் தொடரும்போது திருத்துபவர்களும் உண்டு.

ஒப்பீட்டுச் சோதனை செய்தீர்களா என்பதையும் அறிய விரும்புகிறேன்.


மறுமொழி: வாவிக்கரை ஆசிரியை

ஐந்தாம் படத்தில் சுவர்முகங்களின் நீட்சிக் கோடுகள் எல்லாம் ஒளியச்சில் ஒரு புள்ளியில் சந்திப்பதாக வரைந்து, அப்புள்ளி வில்லை மேற்பரப்பிலிருந்து 28 மி.மீ. என்று விவரணத்திலும் எழுதியிருக்கிறோம். சோதனையும் செய்தோம். சுவர்கள் அச்சுக்குச் சமாந்தரமாக உள்ள ஒரு வில்லை, சாய்ந்த சுவருள்ள ஒரு வில்லை, இரண்டின் பின்னாலும் கமராவை நேராக வைத்துப் படமெடுத்தோம். கீற்றுகள் குறைந்திருந்தன. விவரணத்தில் அதை ஒரு பந்தியாக, எண்கள் இல்லாமல் எழுதியுள்ளோம்.


மறுமொழி: முறிவுச்சுட்டி, கல்முனை

28 மி.மீ. எழுத்தில் இருப்பது பெரிய ஆறுதல். சோதனையில் ஒரு குறை உண்டு. கமராவை நேராக வைத்து எடுத்த படம் அசையாத கண் காண்பதையே காட்டும். உங்கள் வில்லை திரும்பும் கண்ணுக்காகச் செய்யப்பட்டது. கமராவின் துவாரம் கண்மணியின் இடத்தில், அதாவது அந்த 28 மி.மீ. புள்ளிக்கு 10 மி.மீ. முன்னால் நிற்கும்படி பொருத்தி, கமரா முழுவதையும் அப்புள்ளியைச் சுற்றித் திருப்பி, 10 பாகை, 20 பாகை, 28 பாகை என்று எடுங்கள். 20 பாகையில் துவாரம் பக்கவாட்டில் 3.4 மி.மீ. நகர்ந்திருக்க வேண்டும், நகராவிட்டால் பொருத்திய இடம் பிழை. கண்மணியை நோக்கிச் சாய்த்த மூன்றாவது வில்லை ஒன்றும் வேண்டும். அதனோடு ஒப்பிட்டால்தான் நீங்கள் தெரிந்தெடுத்த புள்ளியின் பயன் வெளிப்படும்.

விண்ணப்பித்த பின்னர் எடுத்த அளவீடுகளை ஏற்பார்களா என்ற கேள்வி எழும். ஐரோப்பிய அலுவலகத்தின் விரிவாக்கப்பட்ட மேன்முறையீட்டுச் சபை 2023 மார்ச்சில் ஜி 2/21 என்ற தீர்மானத்தில், மூல விண்ணப்பத்தின் தொழினுட்பப் போதனைக்குள் அடங்கியதாகத் துறையறிந்தவர் கொள்ளக்கூடிய விளைவாயின் அதற்குப் பிந்திய சான்றையும் நம்பலாம் என்று கூறியிருக்கிறது. கீற்று குறையும் என்ற அந்த ஒரு பந்தி உங்கள் விவரணத்தில் இருப்பதால் வழி திறந்திருக்கிறது.


மறுமொழி: வாவிக்கரை ஆசிரியை

மூன்றாவது வில்லையைக் கடைய இன்று காலையே சொல்லிவிட்டோம். கமராவைத் திருப்புவதற்கான மரச்சட்டத்தை ஆரையம்பதியிலுள்ள என் மாணவரின் தந்தை செய்து தருவதாகக் கூறியுள்ளார். அறிக்கை அனுப்பப்பட்ட திகதியைப் பார்த்தேன். 19 ஆம் உறுப்புரைத் திருத்தத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. வெளிச்சவீட்டருகே அந்தச் சொல்லைச் சொன்ன மாணவி இப்போது ஒலுவிலில் படிக்கிறாள். நேற்று மாலை தொலைபேசியில் அவளிடம் பேசி, சனிக்கிழமை சட்டத்தரணியைக் காண எங்களோடு வருமாறு கேட்டிருக்கிறேன்.